மிட்டாய் ஓரம்

— இதுவும் சப்பை.

— வாயில வைக்காமலே சொல்றியே, தம்பி!

— வாயில வேற வைக்கணுமா? பாத்தாலே தெரியுது. அப்பா கேக்கைத் தட்டுல கவுத்தா எப்படி இருக்கும்? ஒரு பக்கம் கருகருன்னு கண்ணாடி மாதிரி மின்னும். சர்க்கரை அப்படியே மிட்டாயா இறுகிப்போய்க் கிடக்கும். இது என்னடான்னா, காய்ச்சக்காரனுக்கு வாங்கிட்டுப் போற பன்னு மாதிரி இருக்கு.

— வாழைப்பழம் அதேதான். வெண்ணெய் அதேதான். சர்க்கரையையும் அவரை மாதிரியே புகை வர்ற வரைக்கும் கருக்கித்தான் தட்டுல ஊத்தினேன். என் கண்ணு இன்னும் எரியுது.

— ருசி வந்திருக்கு அக்கா, பொய் சொல்லமாட்டேன். மிட்டாய் ஓரம்தான் வரலை. அது இல்லாட்டி அப்பா கேக்கே இல்லை. அந்த ஓரத்துக்காக நீ என் தோளைக் கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு, காட்டட்டுமா?

— என் சடையைக் கொண்டுபோய் மேஜைக்கால்ல கட்டினியே, அதை யாருகிட்ட காட்டுறது?

— சரி, அதை விடு. லாரியைத் தெருமுனையில நிறுத்திட்டு வந்திருக்கேன். பின்னாடி வர்றவன் எல்லாம் என் வம்சத்தையே திட்டிக்கிட்டுப் போவான். அம்மாவும் என் வீட்டுக்கு வரப் பையைக் கட்டி மடியில வச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்திருக்காங்க. போதும் அக்கா. விட்டுடு.

— எப்படிடா விடுறது? அப்பா போனதுக்கப்புறம் வர்ற முதல் பிறந்தநாள் இன்னிக்கு. வருஷா வருஷம் தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் சுட்டு, தானே வெட்டி, 'நான் நல்லா இருக்கணும்'னு தனக்குத் தானே சொல்லிக்குவாரே அந்த மனுஷன். இந்த வருஷம் இந்த வீட்டுல அது இல்லைன்னா எப்படி? அம்மா ஒரு வாய் சாப்பிடட்டும். அப்புறம் உன்கூட வரட்டும். நான் ஒண்ணும் காலைப் பிடிச்சு இழுக்கப் போறதில்லை.

— டிரைவர்! அங்க என்ன மாநாடு? கிளம்பலையா?

— இதோம்மா! வந்துட்டேன்!

— கேட்டியா? உன்னைக் கூப்பிடுறாங்க. என்னைன்னா 'மேஸ்திரி'. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்லேருந்து அப்படித்தான். 'மேஸ்திரி, தண்ணி.' 'மேஸ்திரி, மாத்திரை.' பெத்த பொண்ணுங்கிறதே மறந்துபோச்சு.

— நீ மேஸ்திரிதானே அக்கா.

— வெளியில மேஸ்திரிடா. எவன் வீட்டுல டைல்ஸ் கோணினாலும் என்னைத்தான் கூப்பிடுறான், போறேன். வீட்டுக்குள்ளயும் நான் மேஸ்திரியா? என்ன தப்பு பண்ணிட்டேன்? இந்தச் சமையலறையோட கோணத் தரையிலதான் அம்மா சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைச்சுக்கிட்டாங்க. அவங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ராப்பகலா ஒத்தையாளா நின்னு அதை உடைச்சு வெளிய கொட்டினேன். தண்ணி ஊத்தினாக்கூட எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கும், அப்படி மட்டமா டைல்ஸ் போட்டேன். வந்ததும் பாத்து சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்.

— என்ன சொன்னாங்க?

— நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பாத்தாங்க. 'போச்சு'ன்னாங்க. அவ்வளவுதான். கம்பை ஊனித் திரும்பிப் போய் ஹால்ல உக்காந்தவங்க, அன்னிலேருந்து இந்த ரூமுக்குள்ள கால் வைக்கலை. சாப்பாடும் அங்கதான். பாத்திரத்தைக்கூட நிலைப்படியிலதான் வைக்கிறாங்க, பக்கத்து வீட்டுப் பொம்பளை மாதிரி.

— அப்பா தன் கையால ஊத்தின தரையாச்சே. அதை உடைச்சுட்டேன்னு வருத்தம் இருக்கும்.

— அதான்டா என்னைக் கொல்லுது. அவரை நானே அள்ளி வெளிய கொட்டின மாதிரி பாக்குறாங்க. இப்ப என் மூஞ்சில முழிக்கப் பிடிக்காமத்தான் உன்கூட வர்றேங்கிறாங்க. உன் வீடு மூணாவது மாடி. இந்த இடுப்பை வச்சுக்கிட்டு ஏற முடியுமா?

— நான் தூக்கிட்டுப் போவேன். எவ்வளவோ மூட்டை தூக்கியாச்சு.

— என்னடா, என்னை மூட்டைங்கிறியா?

— இல்லைம்மா! வேற மூட்டை! அக்கா, மெதுவாப் பேசு. இந்த வீட்டுல சுவருக்கெல்லாம் அம்மா காதுதான்.

— இன்னொரு தடவை போடறேன். ஒரே ஒரு தடவை.

— ஐயோ. இன்னொரு கேக்கா? வேணும்னா நானும் கூட நிக்கிறேன். என்ன செய்யணும்?

— வாழைப்பழத்தை வட்ட வட்டமா வெட்டு. ஒரே கனமா வரணும். அடேய், இது என்ன வெட்டு? ஒண்ணு ரூபாக் காசு மாதிரி இருக்கு, ஒண்ணு சக்கரம் மாதிரி இருக்கு!

— எனக்குத் தெரிஞ்சது சக்கரம்தான். நீ என்ன பண்றே? ஏய், அது என்ன கேக் தட்டு மேல வைக்கிறே?

— ரசமட்டம்.

— கேக்குக்கு ரசமட்டமா!

— சிரிக்காதே. ஓவன் தட்டு மட்டமா இருக்கான்னு பாக்க வேணாமா? குமிழி நடுவுல நிக்குது பாரு. அப்பா கேக்கு எப்பவும் ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சு கோணலா வரும், கவனிச்சிருக்கியா? மாவைக் கரண்டியால அள்ளிப் போட்டுட்டு அப்படியே விட்டுடுவாரு. நான் சின்னக் கரணையை வச்சு நல்லா தேச்சு விடறேன். இதுலயாவது அவரை விட நான் ஒரு படி மேல.

— கரணையை வச்சா? சிமெண்ட் பூசுற கரணையா?

— இது புதுசுடா. கேக்குக்குன்னே வாங்கினது.

— அக்கா, உனக்குக் கல்யாணம் ஆகாததுக்கு நான் வேற வேற காரணம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

— வாயை மூடிக்கிட்டு அந்த வெனிலா எசன்ஸ் பாட்டிலைத் திற.

— திறந்துட்டேன். அடச்சே. மூடி கீழ விழுந்துடுச்சு.

— பின்வாசல்கிட்ட போய் எடு.

— இரு. இங்க இல்லையே. கதவுக்குப் பின்னாடியும் இல்லை. மிதியடிக்கு அடியில? அங்கயும் இல்லை.

— நல்லாப் பாரு. அங்கதான் போயிருக்கும். இந்த ரூம்ல எது விழுந்தாலும் பின்வாசலுக்குத்தானே ஓடும். சின்ன வயசுல வெங்காயம் விழுந்தா நீதானே அங்க போய்ப் பிடிச்சுட்டு வருவே, கோல்கீப்பர் மாதிரி.

— அக்கா.

— என்ன?

— மூடி உன் காலடியிலயே கிடக்கு. விழுந்த இடத்துலயே.

— அதுக்கென்ன, எடுத்துக் குடு.

— அதுக்கென்னவா? அது ஓடலை அக்கா! உருண்டு ஓட வேண்டியது ஓடலை! இரு, ஒரு வெங்காயம் குடு. பாரு, விடறேன். பாத்தியா? நின்ன இடத்துல தவம் பண்ணுது.

— தரை மட்டமா இருந்தா நிக்கத்தான் செய்யும். நான் போட்ட தரைடா அது.

— அதேதான் சொல்றேன்! இந்த ஓவன் அப்பா காலத்துல எதுமேல நின்னுச்சு? அந்தக் கோணத் தரை மேல. நான் டேங்கர் ஓட்டியிருக்கேன். பாதி டேங்க் எண்ணெயோட மேட்டுல ஏறினா உள்ள இருக்கிறது பூராவும் பின்பக்கம் போய்ச் சேரும், வண்டி திணறும். இங்க உன் சர்க்கரை என்ன? சூடானா எண்ணெய் மாதிரித்தானே ஓடும்? ஓவனுக்குள்ள இளகி, பள்ளமான பக்கமா ஒழுகி, அங்கயே தேங்கி, வெந்து, கருகி...

— மிட்டாய் ஓரம்.

— மிட்டாய் ஓரம்!

— ஐயோ. மாவும் ஒரு பக்கமா ஒழுகிப் போய்த்தான் கோணல் கேக்கு. நான் அவருக்குக் கை சரியில்லைன்னு நினைச்சேனே. அவர் மேல குத்தம் கண்டுபிடிச்சு, ரசமட்டம் வச்சு, கரணையால தேச்சு... டேய், நானே வரவிடாம பண்ணியிருக்கேன்டா. தரையை மட்டம் பண்ணினதும் போதாதுன்னு, கேக்கையும் மட்டம் பண்ணியிருக்கேன்.

— அழாதே. மாவுல கண்ணீர் விழுந்தா உப்புக் கரிக்கும். ஓவனைச் சாய்ச்சு வச்சாப் போதும். எவ்வளவு சாயணும்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாம? அந்தத் தரையை உடைச்சவ நான். இந்த ஓவன் நிக்கிற இடத்துல, முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒரு விரல் கனம் வித்தியாசம். பின்வாசல் பக்கம்தான் பள்ளம். என் கைக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— அப்ப முன்கால் ரெண்டுக்கும் முட்டுக் கொடுக்கணும். டைல்ஸ் துண்டு மிச்சம் இருக்கா?

— பின்வாசல்ல சாக்கு நிறைய கிடக்கு. ஆனா இந்த இரும்புப் பொணத்தை யாரு தூக்கறது? அப்பா இதைப் பழைய பேக்கரியில இருந்து எடுத்துட்டு வந்தப்போ நாலு பேரு சுமந்தாங்க.

— எதுக்கு நாலு பேரு? லாரி ஜாக்கி இருக்கே. ஓடிப் போய் எடுத்துட்டு வர்றேன்.

— டிரைவர்! எங்கடா ஓடுறே? லாரியை எடுக்கப் போறியா?

— இல்லைம்மா! ஜாக்கி எடுக்கப் போறேன்!

— ஜாக்கியா? மேஸ்திரி, சமையலறையில பஞ்சரா?

— உள்ள ஒரு வேலைம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ.

— பொறுத்துக்கிறதுக்குத்தானே நான் பொறந்திருக்கேன்.

— வந்துட்டேன். நகரு அக்கா. ஓவனுக்கு அடியில விடறேன். ம்ம். சுத்தறேன். ஏறுதா?

— ஏறுது, ஏறுது. போதும், நிறுத்து. துண்டைச் சொருகறேன். கையை எடுத்துட்டேன், இறக்கு. இந்தப் பக்கமும் அதே மாதிரி தூக்கு. அவ்வளவுதான். ஐயோ, பாக்கவே சகிக்கலைடா. என் கையால ஒண்ணைச் சாய்ச்சு வச்சிருக்கேன். தொழில்காரங்க யாராவது பாத்தா மானம் போயிடும்.

— ரசமட்டத்தை வச்சுப் பாக்கட்டுமா?

— அதைத் தொட்டே, கையை உடைப்பேன். எடுத்து அந்த அலமாரியில வை. தட்டைக் குடு. சர்க்கரை ஊத்தியாச்சு, பழம் அடுக்கியாச்சு, மாவை அப்படியே ஊத்தறேன். தேய்க்கலை பாரு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.

— கை துடிக்குதே உனக்கு.

— துடிக்கத்தான் செய்யுது. ஓவனை மூடு, சீக்கிரம்.

— மூடியாச்சு. இனி என்ன?

— இனி உக்காந்துக்கிட்டு மூச்சை மட்டும் விடு. அப்பா இந்த நேரத்துல என்ன பண்ணுவாரு தெரியுமா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஓவன் முன்னாடி உக்காந்துக்கிட்டு, அம்மாகூடச் சண்டை போடுவாரு.

— ஆமா, எப்பவும் ஏதோ சண்டை. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரிஞ்சதில்லை. நமக்கு மிட்டாய் ஓரச் சண்டையே பெரிய சண்டை.

— எனக்கும் தெரியாது. கேக்கு வெளிய வந்ததும் அப்பா சிரிப்பாரு, அம்மா முகத்தைத் திருப்பிக்குவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க.

— அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கேக்கு சரியா வந்து, அப்பவும் அம்மா என்கூடத்தான் வருவேன்னா?

— போகட்டும். நான் வாசல் வரைக்கும் வந்து ஏத்திவிடறேன். ஆனா, அவங்க புருஷனோட கேக்கை நான் தொலைச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் போகக் கூடாதுடா. அது மட்டும்தான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— பொய்.

— பொய்தான். போகக் கூடாது. அந்த ஹால்ல கம்பு தட்டுற சத்தம் இல்லாம இந்த வீட்டுல எனக்கு ராத்திரி தூக்கம் வருமா?

— ம்ம்ம்... வாசனை பிடிக்குதா?

— வருது. சர்க்கரை கருகுது. இதுக்கு முன்னாடி இப்படி வரலை.

— கருகினா எடுத்துட வேண்டாமா?

— கையை வச்சே, தொலைச்சுடுவேன். கருகட்டும். அவரு இன்னும் கொஞ்சம் விடுவாரு. எல்லாரும் 'தீயுது தீயுது'ன்னு கத்துற வரைக்கும் விடுவாரு.

— அங்க என்னடி தீயுது?

— ஆங், கத்தியாச்சு. எடுத்துடலாம். துணியைக் குடு. தள்ளு, தள்ளு, சூடு! பெரிய தட்டை மேல கவுத்து வை. பிடிச்சுக்கோ. ஒண்ணா திருப்பணும். திருப்பு!

— திருப்பியாச்சு.

— தூக்கு.

— நீ தூக்கு அக்கா. எனக்குப் பயமா இருக்கு. மலைப்பாதையில பிரேக் போனப்போகூட நான் இப்படிப் பயப்படலை.

— தூக்கறேன். கண்ணை மூடிக்கிட்டேன். வந்துடுச்சா? டேய், சொல்லுடா! வந்துடுச்சா?

— கண்ணைத் திற.

— ஐயோ... ஐயோ அப்பா!

— கருப்பு கருப்பா, கண்ணாடியா... தட்டிப் பாரு, டக் டக்குங்குது! ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்! அதே கோணல் அக்கா, அதே கோணல்! அடிச்சுட்டே மேஸ்திரி, அடிச்சுட்டே!

— தொடாதே! முதல் துண்டு அம்மாவுக்கு. தட்டைக் குடு. நான் ஹாலுக்குக் கொண்டு போறேன்.

— அக்கா, நில்லு.

— என்ன?

— சத்தம் கேக்கலையா? கம்பு. அம்மா எந்திரிச்சுட்டாங்க. இந்தப் பக்கம்தான் வர்றாங்க.

— நிலைப்படியோட நின்னுடுவாங்க.

— நிக்கலை. உள்ள வர்றாங்க. பேசாதே. அந்தப் பக்கம் பாரு, பாக்காத மாதிரி நில்லு.

— எதுக்கு ரெண்டு பேரும் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? திருடிட்டு மாட்டின மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போடு டிரைவர். இடுப்பு வலிக்குது.

— இந்தாம்மா, உக்காரு. மெதுவா.

— எடு அந்த ஓரத்தை. சின்னத் துண்டு வேணாம், நல்லாப் பெருசா எடு. ம்.

— எப்படிம்மா இருக்கு?

— பேசாதே. மெல்லவிடு.

— அம்மா, ஏதாவது சொல்லேன். வாய்க்குள்ள டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது, ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறியே.

— மேஸ்திரி, உன் ரசமட்டத்தை எடு.

— எதுக்கும்மா?

— எடுன்னா எடு. தரையில வை. இங்க வை, என் காலடியில. குமிழி எங்க நிக்குது?

— நட்ட நடுவுலம்மா.

— அங்க வை. பின்வாசல்கிட்ட. அங்க?

— அங்கயும் நடுவுலதான். ஒரு இழை அசையலை. நான் போட்ட தரை, அசையாது.

— அப்போ தரை நேரா இருக்கு. சாய்வா இருக்கிறது ஓவன் மட்டும்தான். சத்தியமா?

— சத்தியமாம்மா. காலுக்கு டைல்ஸ் துண்டு வச்சிருக்கேன், குனிஞ்சு பாரு. தம்பிதான் ஜாக்கி போட்டான்.

— டைல்ஸ் துண்டு. ஒரு டைல்ஸ் துண்டு! இது தெரியாம ரெண்டு பேரும் ஆயுசு பூரா சண்டை போட்டுருக்கோமே!

— எந்தச் சண்டைம்மா? சிரிக்கிறியா, அழறியா? எனக்கு ஒண்ணும் புரியலை.

— இந்தத் தரையை நேராக்குங்கன்னு, நான் இந்த வீட்டுக்குள்ள வந்த நாள்லேருந்து உங்கப்பாகிட்ட முட்டிக்கிட்டிருந்தேன்டி. உலை வச்சா ஒரு பக்கம் வழியும், எண்ணெய் ஊத்தினா ஒரு பக்கம் காயும். அவரு இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு ஒரே வார்த்தைதான் சொல்லுவாரு. 'தரை நேரானா என் கேக்கு வராதுடி.'

— அப்போ உனக்குத் தெரியும்! காலையிலேருந்து நான் சப்பை சப்பையா எடுத்து வச்சு மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கேன், நீ ஹால்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தியா?

— என்ன பண்ணச் சொல்றே? அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து, நிலைப்படியில நின்னு, தரை நேரா கிடக்கிறதைப் பாத்தேன். போச்சு, இனி அந்தக் கேக்கு வராது, அந்த மனுஷன் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சுன்னு திரும்பிப் போயிட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் சப்பையா எடுத்து வைக்கிறப்போ, அவரு பக்கத்துல உக்காந்து சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு. தோத்தவ இந்த ரூமுக்குள்ள எப்படிடி வந்து நிப்பா?

— நான் தரையை உடைச்சதுக்குக் கோவம் இல்லையா?

— அதுக்கு எதுக்குடி கோவம்? நான் கேட்டதைத்தானே செஞ்சே. என் பொண்ணு போட்ட தரை. கால் வச்சதும் தெரியுது, கம்பு ஒரு இம்மி வழுக்கலை. டிரைவர், அந்தப் பையைக் கொண்டுபோய் அலமாரியில வை.

— அப்போ மூணாவது மாடி?

— நீயே ஏறிக்கோ. போறப்போ ஒரு துண்டு எடுத்துட்டுப் போ.

— மிட்டாய் ஓரமா?

— நடுத்துண்டு. ஓரம் எனக்கும் என் பொண்ணுக்கும். என்ன முழிக்கிறீங்க? நகருங்க கொஞ்சம், ஓவனை மறைக்காம. அந்த மனுஷன் எப்பவும் அங்கதான் உக்காருவாரு, அங்க பாத்து ஒண்ணு சொல்லணும் நான். ஏங்க! கேக்குதா? தரையும் நேராயிடுச்சு, கேக்கும் வந்துடுச்சு. தோத்துட்டீங்க!